பொலிஸில சேரப்போறன் என்று பிள்ளை சொன்னால்

எங்கட வீடுகளில் பிள்ளைகள் என்னவாக வரலாம் என்பதற்கு ஒரு சின்னப் பட்டியல் இருக்கு. டொக்டர், எஞ்சினியர், கணக்காளர். கொஞ்சம் இறங்கி வந்தால் சட்டத்தரணி, மருந்தாளர். நானும் அந்தப் பட்டியலின்படி படிச்சு மென்பொருள் துறைக்கு வந்தவன்தான், அதில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிரெடெரிசியாவில் கிம்னாசியம் படிக்கிற என் அக்காவின் மகள், பதினேழு வயசுக்காரி, போன இலையுதிர்கால விடுமுறையில் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொன்னாள். "நான் பொலிஸுக்குப் போகப்போறன்."

அத்தான் பகிடி என்று நினைச்சுச் சிரிச்சார். அக்கா, "இவ்வளவு மார்க்ஸ் எடுத்துப்போட்டு ரோட்டில நிக்கப்போறியோ?" என்றா. அம்மா ஒன்றுமே சொல்லாமல் எழும்பிக் குசினிக்குள் போயிட்டா. கடைசியில எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மாமா, நீங்கள் ஒருக்கா வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள் பிள்ளை. அப்படிப் பார்த்ததையும், அதைச் சுற்றி வீட்டில நாங்கள் கதைத்ததையும்தான் இங்கே எழுதுறன். இதே கேள்வி நாளைக்கு உங்கட மேசையிலும் வரலாம்.

அம்மாவின் மௌனத்திலிருந்தே தொடங்கவேணும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணத்தில் நடந்த வன்முறையில் பொது நூலகம் எரிந்தது. அந்த எரிப்பில் சீருடைக்காரருக்கு இருந்த பங்கை அந்த ஊர்ச் சனம் மறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து 1983 ஜூலை. எங்கட அம்மா அப்பாக்களின் தலைமுறைக்குப் பொலிஸ் என்ற சொல் உதவி என்ற அர்த்தத்தில் வரவே இல்லை. சோதனைச் சாவடி, அடையாள அட்டை, இரவில கதவுத் தட்டு, அவ்வளவுதான். முப்பது நாற்பது வருஷம் டென்மார்க்கில இருந்தாலும், நீலச் சீருடையைக் கண்டால் சிலருக்கு இன்னும் கை தன்பாட்டில சட்டைப்பைக்குப் போகும். அந்தப் பயத்தை "பழைய ஆக்கள், விளங்காது" என்று தள்ளிவிட்டால் வீட்டில பேச்சு அங்கேயே முடிஞ்சிடும். நான் அம்மாவிடம் முதலில சொன்னது, "அம்மா, நீங்கள் பயப்பிடுறதில ஞாயம் இருக்கு" என்றுதான்.

இரண்டாவதாக நான் சொன்னது இந்த நாட்டுக் கதை. எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில 'தமில்சேயன்' என்று படிக்கிறார்கள், வீட்டில கேட்டிருக்க மாட்டார்கள். 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்பங்களை இங்கே சேர்த்துக்கொள்ளும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போடவைத்தார். சட்டம் தந்த உரிமை அது. விசாரணை நடந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெத்தின் அறிக்கை வந்ததும், 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமான 'ரிக்ஸ்ரெட்' நின்-ஹான்சனைக் குற்றவாளி எனத் தீர்த்து, நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. பொலிஸ் இன்றைக்கும் அதே நீதி அமைச்சின் கீழேதான் இருக்கு. ஆகவே இந்தக் கதையில இரண்டு பாடம்: இங்கேயும் அதிகாரம் பிழை விடும், விட்டால் அமைச்சரையும் கூண்டில ஏற்ற வழி இருக்கு. அம்மாவுக்கு இரண்டாவது பாடம் புதுசு. பிள்ளைக்கு முதலாவதைச் சொல்லிவைப்பது எங்கட கடமை.

பிள்ளைக்கு இந்த ஆசை எங்கே இருந்து வந்தது என்றும் கேட்டேன். கோயிலில் பழக்கமான ஒரு மாமிக்கு வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் போன் எடுத்திருக்கிறான். மாமி குறியீட்டைச் சொல்லிப்போட்டா, காசு போயிட்டுது. முறைப்பாடு கொடுக்க எங்கட பிள்ளைதான் துணைக்குப் போனது. வந்திருந்த பொலிஸ் பெண் பொறுமையாகத்தான் கேட்டாவாம். ஆனால் மாமி வெட்கத்தில பாதியை விழுங்கிப்போட்டா. "அவவுக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தால் மாமி எல்லாத்தையும் சொல்லியிருப்பா, மாமா." இதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இனி வழி. அமெரிக்காவில் மாநிலப் பொலிஸ் வேறு, மத்திய அமைப்புகள் வேறு. டென்மார்க்கில் அந்தப் பிரிவு இல்லை, முழு நாட்டுக்கும் ஒரே பொலிஸ்தான். 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் 54 பொலிஸ் வட்டாரங்களை 12ஆகச் சேர்த்தார்கள். பிரெடெரிசியா தென்கிழக்கு யூலாண்ட் வட்டாரத்துக்குள் வருகிறது, தலைமை நிலையம் ஹோர்சன்ஸில். பயிற்சிக்குப் பொலிஸ் பள்ளி இரண்டு இடத்தில் உண்டு: கோபன்ஹேகன் பக்கம் புரொண்ட்பூ, எங்கட பக்கம் வைலே. பிரெடெரிசியாவிலிருந்து வைலேக்கு ரயிலில் அரை மணித்தியாலமும் ஆகாது. "தூரத்துக்கு அனுப்பமாட்டன்" என்ற அக்காவின் முதல் வாதம் அங்கேயே விழுந்தது.

பள்ளிக்குள் போக முதல் வேண்டியது குடியுரிமை. எங்கட வீட்டில பிரச்சினை இல்லை. அக்கா டெனிஷ் பிரஜை, அதனால் மகளும் பிறக்கும்போதே பிரஜை. ஆனால் கடந்த பத்துப் பதினைஞ்சு வருஷத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வந்த குடும்பங்கள் யூலாண்டில் நிறைய. அவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து டெனிஷ்தான் முதல் மொழியாகப் பேசினாலும், இந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. விண்ணப்பிக்க வேணும், பாராளுமன்றம் சட்டமாக நிறைவேற்றிப் பெயர் வர வேணும், நகரசபையில் கைகுலுக்கும் சடங்கும் இருக்கு. 2015 செப்டெம்பரிலிருந்து டென்மார்க் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிப்பதில்லை. அதனால் அந்தக் குடும்பங்களுக்கு இது பெரிய முடிவு. பிள்ளை பதினெட்டு ஆகுமுன் பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறகு தனியாக எல்லா நிபந்தனையும் நிறைவேற்ற வேணும். பிள்ளைக்குப் பத்து வயசாகும்போதே இந்தக் கணக்கைப் போட்டு வைப்பது நல்லது.

அடுத்தது படிப்பு. கிம்னாசியமோ, தொழிற்கல்வியோ, அதற்குச் சமமான வேறு படிப்போ ஒன்று முடித்திருக்க வேணும். பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. கார் சாரதி அனுமதிப்பத்திரமும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் வேணும். பிறகு தேர்வு: டெனிஷ் எழுத்து, உடற்தகுதி, உளவியல் பக்கம், நேர்முகம். வயதெல்லையும் தேர்வின் விபரங்களும் இடைக்கிடை மாறும்; விண்ணப்பிக்கிற வருஷம் பொலிஸின் சொந்த அறிவிப்பைத்தான் பார்க்க வேணும். ஆனால் அடிப்படை மாறாது. நன்றாக ஓடவேணும், நீந்தவேணும், சுருக்கமாகப் பிழையில்லாமல் அறிக்கை எழுதவேணும். கணிதத்துக்கு டியூஷன் பிடிக்கிற நாங்கள் பிள்ளையின் டெனிஷ் எழுத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரு பொலிஸ்காரரின் வேலையில் பெரும் பகுதி எழுத்து. நடந்ததை நடந்த ஒழுங்கில், தன் அபிப்பிராயம் கலக்காமல் எழுதத் தெரியவேணும்.

அதற்குப் பிறகு வருவதுதான் பெற்றோர் கவனிக்க வேண்டியது: பின்னணி. குற்றப்பதிவு இருக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன விஷயங்களும் கணக்கில வரும். பதினெட்டு வயசில நண்பர்களோடு ஒருதரம் கஞ்சாவோடு பிடிபடுவது, கார் கிடைத்த புதுசில வேகத்துக்கு வாங்கும் பெரிய தண்டம், கட்டாமல் விட்ட கடன், இணையத்தில் கோபத்தில் எழுதினது எல்லாம் கேள்வியாக வரலாம். குடியுரிமைக்கும் இதே கதை. 2021இலிருந்து, ஒத்திவைத்ததாக இருந்தாலும் சிறைத்தண்டனை பெற்ற ஒருவருக்குக் குடியுரிமைக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "படி, படி" என்று சொல்லுற நேரத்தில் கொஞ்சம் எடுத்து, எது பதிவில் நிற்கும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம்.

எங்கட சமூகத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கு. அதை மறைத்துக் கதைப்பதில் பலனில்லை. விடுதலைப் புலிகள் இயக்கம் 2006 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருக்கு. அந்தக் காலத்தில் காசு கொடுத்த வீடு, ஊர்வலத்தில் நின்ற வீடு, மாவீரர் நாளுக்குப் போகிற வீடு எங்கட ஊர்களில் சாதாரணம். பொலிஸிலோ, 1951இல் தொடங்கிய உளவுப் பிரிவான பி.ஈ.ரியிலோ, பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேறு வேலையிலோ சேர்ந்தால் குடும்பம், வெளிநாட்டு உறவு, போய்வந்த நாடுகள் பற்றிக் கேட்பார்கள். அப்பா என்ன செய்தார் என்பதற்குப் பிள்ளை குற்றவாளி ஆகாது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னால் அது பிள்ளையின் சொந்தக் குற்றம். ஆகவே பிள்ளைக்கு வீட்டு வரலாறு தெரிந்திருக்க வேணும். அத்தான் அன்றைக்கு முதல்முறையாகத் தன் பக்கத்துக் கதைகளை மகளுக்குச் சொன்னார். பொலிஸ் விண்ணப்பம் இல்லாவிட்டால் அந்தக் கதைகள் அவளுக்குக் கிடைத்திருக்குமோ தெரியாது.

பயிற்சி இரண்டு வருஷத்துக்குச் சற்று மேல். கொஞ்சக் காலம் பள்ளி, கொஞ்சக் காலம் வட்டாரத்தில் அனுபவமுள்ளவரோடு வேலை என்று மாறி மாறிப் போகும். சட்டம், கைது செய்யும் முறை, ஆயுதம், வாகனம், முரண்பட்ட ஆட்களோடு பேசும் விதம் எல்லாம் அதில வரும். முடித்த கையோடு சொந்த ஊரில வேலை கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. கோபன்ஹேகன் பக்கம் போக நேரலாம். இரவு வேலை, வார இறுதி வேலை, பொங்கலுக்கும் நத்தாருக்கும் கடமை. ஆபத்தும் உண்மை. 2016 டிசம்பரில் ஆல்பர்ட்ஸ்லுண்ட் பொலிஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு பொலிஸ்காரர் தலையில் சுடப்பட்டு, பிறகு இறந்துபோனார். டென்மார்க்கில் இது மிக அரிது. ஆனால் அக்கா கேட்டபோது "ஒன்றும் நடக்காது" என்று நான் சொல்லவில்லை. நடக்கக்கூடியது என்ன, அது எவ்வளவு அரிது என்று இரண்டையும் சொன்னேன்.

சீருடை மட்டும்தான் வழி என்றும் இல்லை. இந்தப் பகுதியில்தான் என் தொழில் எனக்கு உதவியது. 2022 ஜனவரி 1 முதல் 'என்.எஸ்.கே' என்ற தேசியச் சிறப்புக் குற்றப்பிரிவு இயங்குகிறது. பெரிய பொருளாதாரக் குற்றம், இணையக் குற்றம், ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம் எல்லாம் அங்கேதான். அமெரிக்கர்கள் 'ஃபெடரல்' என்று சொல்வதற்கு இங்கே கிட்டவாக இருப்பது இதுதான். அங்கே பொலிஸ் பயிற்சி எடுத்தவர்களோடு மென்பொருள் ஆட்கள், தரவுப் பகுப்பாய்வாளர்கள், கணக்காய்வாளர்கள், சட்டத்தரணிகளும் வேலை செய்கிறார்கள். மாமியின் காசு போன மாதிரி வழக்கில், பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குத் தாவினது என்று பின்தொடர்வது பெரும்பாலும் மேசையில் இருந்து செய்கிற வேலை. சட்டம் படித்தால் அரச வழக்குத் தொடுநராகலாம். சுங்கம் இருக்கு. சிறை அதிகாரிக்கு மூன்று வருஷப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம். நீண்ட பயிற்சிக்கு முன் துறையைத் தொட்டுப் பார்க்க விரும்பினால், குறுகிய பயிற்சியோடு காவல், எல்லைப் பணிகள் செய்யும் 'பொலிஸ் கடெட்' வேலையும் உண்டு. பிரெடெரிசியா றீஸ் கசேர்னவில் இராணுவத்தின் தொடர்பாடல் படைப்பிரிவு இருக்கு. கட்டாய இராணுவ சேவைக் காலத்தை அப்படி ஒரு இடத்தில் கழித்தவர்களுக்கும் அந்த அனுபவம் உதவும்.

இதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் டென்மார்க்கில் இல்லை. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ சிறப்பு முகவராக, குடியுரிமை, பட்டம், வேலை அனுபவம் வேணும். குறைந்தது 23 வயசு, 37 ஆகுமுன் நியமனம் கிடைத்திருக்க வேணும். பயிற்சி வெர்ஜினியாவின் குவாண்டிகோவில். கனடாவில் ஆர்.சி.எம்.பிக்கு றெஜைனாவில் 26 வாரப் பயிற்சி. ஜெர்மனியில் மாநிலப் பொலிஸ் ஒன்று, எல்லையும் ரயிலும் விமான நிலையமும் பார்க்கும் கூட்டாட்சிப் பொலிஸ் இன்னொன்று. பிரித்தானியாவில் 2013இலிருந்து தேசியக் குற்ற முகமை. எந்த நாடானாலும் வரிசை ஒன்றுதான்: குடியுரிமை அல்லது குடியிருப்பு நிலை, நாட்டுமொழி, உடல், சுத்தமான பின்னணி, பொறுமை. ஒரு விண்ணப்பம் முடிய மாதக் கணக்கு, சில இடத்தில வருஷமும் ஆகும். முதல்தரம் தவறி இரண்டாம் தரம் எடுபடுகிறவர்களும் உண்டு.

"தமிழாக்களை மேலே விடுவாங்களோ?" என்று அத்தான் கேட்டார். கனடாவில் பீல் பிராந்தியப் பொலிஸின் தலைவராக 2019இல் நியமிக்கப்பட்டவர் நிஷான் துரையப்பா. இலங்கையில் பிறந்து சின்னப் பிள்ளையாகக் கனடாவுக்குப் போனவர். ஹால்ட்டன் பிராந்தியத்தில் சாதாரணப் பொலிஸ்காரராகத் தொடங்கி, அங்கே துணைத் தலைவர் வரை வந்து, பிறகு பீலுக்குப் போனார். மிசிசாகாவும் பிரம்டனும் அவரின் பொறுப்புக்குள் வருகிற நகரங்கள். எங்கட ஆக்கள் எவ்வளவு பேர் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் போனதால் எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. போகலாம் என்பதற்கு அத்தாட்சி இருக்கு, அவ்வளவுதான்.

பிள்ளை சேர்ந்துவிட்டால் நாங்கள் பழகவேண்டிய ஒன்றும் இருக்கு. "பிள்ளை, என்ர தண்டத்தை ஒருக்காப் பார்", "இந்தக் கார் நம்பர் ஆற்றை என்று சொல்லு" என்று உறவுக்காரர் கேட்பினம். வேலைத் தேவை இல்லாமல் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதே தண்டனைக்குரிய குற்றம். சொந்தக்காரரின் வழக்கில் அவள் கை வைக்கவும் முடியாது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் அவளுக்காக "அதைக் கேட்காதேங்கோ" என்று சொல்லப்போகிறது நாங்கள்தான்.

பிரெடெரிசியா 1650இல் மூன்றாம் பிரெடெரிக் மன்னர் கோட்டையாகக் கட்டின ஊர். ஆட்களைக் குடியேற்றுவதற்காக 17ஆம் நூற்றாண்டிலேயே வேறு மதத்தவர்களுக்கும் இங்கே இடம் கொடுத்தார்கள். யூதர், கத்தோலிக்கர், பிறகு பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹியூகனோக்கள் என்று அடைக்கலம் தேடினவர்கள் வந்து சேர்ந்த ஊர். நாங்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான். அடைக்கலம் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளை ஊரைக் காக்கிற வேலைக்குப் போவதில் வியக்க என்ன இருக்கு?

இப்போது வீட்டு நிலவரம். அக்கா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கிம்னாசியத்தை நல்லபடி முடிக்கவேணும், அதற்குப் பிறகு ஒரு வருஷம் வேலை செய்து பார்க்கவேணும், அப்போதும் இதே எண்ணம் இருந்தால் தடுக்கமாட்டன் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறா. எனக்கு அது சரியாகப் படுகிறது. கொஞ்சம் வாழ்க்கை பார்த்த ஆட்களுக்குத்தான் இந்த வேலை பொருந்தும். பிள்ளை வாரத்தில் மூன்று நாள் கோட்டை மதிலின்மேல் ஓடுகிறாள், சாரதிப் பயிற்சிக்குக் காசு சேர்க்கக் கடையில் பகுதிநேர வேலை செய்கிறாள். தமிழை வாசிக்கவும் எழுதவும் அம்மாவிடம் திரும்பப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பதின்மூன்று வயசில விட்டவள் இவள்.

அம்மா இன்னும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் போன கிழமை, எழுத்துக் கொப்பியைத் திருத்திக்கொண்டே, "பொலிஸ்காரிக்கு 'ள'வும் 'ழ'வும் வித்தியாசம் தெரியாட்டில் முறைப்பாட்டைப் பிழையாத்தான் எழுதுவாய்" என்றா.